வெள்ளிப் பூச்சின் மிச்சம்: தங்க வேட்டை ஊரொன்றின் துப்பாக்கிப் பேழையைச் சீர்செய்த அனுபவம்

கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலையடிவாரத்தில், தங்க வேட்டைக் காலத்தில் சில மாதங்களுக்குள் எழுந்து, மண்ணிலிருந்த தங்கம் தீர்ந்ததும் ஓய்ந்து, இன்று பழைய தோற்றத்திலேயே பேணப்படும் ஊர்கள் பல உள்ளன. அவற்றுள் பலரும் அறிந்தது கொலம்பியா. 1850 மார்ச்சில் தங்கம் கிடைத்த அவ்வூர் 1854-லும் 1857-லும் தீக்கிரையானது. அதன் பின் செங்கல் சுவர்களோடும் இரும்புக் கதவுகளோடும் எழுப்பப்பட்ட அதன் கடைவீதி 1945-ல் மாநில வரலாற்றுப் பூங்காவாயிற்று. நான் வேலை செய்தது அதே மலையடிவாரத்திலுள்ள, அதைவிடச் சிறிய வேறோர் ஊரில். பேழையில் இருப்பவை துப்பாக்கிகள் என்பதால் அவற்றின் பாதுகாப்புக் கருதி ஊரின் பெயரை இங்கே எழுதவில்லை.

அந்த ஊரில் பழைய பலசரக்குக் கடை ஒன்று காட்சிக்கூடமாக மாற்றப்பட்டிருக்கிறது. அதன் பின்சுவரோரம் நிற்கும் ஓக் மரக் கண்ணாடிப் பேழையைச் சீர்செய்யும் பொறுப்பு, தன்னார்வலனாகிய எனக்குக் கடந்த நவம்பரில் கிடைத்தது. நீண்ட குழல் கொண்ட ராணுவத் துப்பாக்கி ஒன்று, தோலுறையோடு கூடிய, கோல்ட் (Colt) என்ற துப்பாக்கி நிறுவனத்தின் 1849-ஆம் ஆண்டு வகைச் சட்டைப்பை ரிவால்வர் ஒன்று, உள்ளங்கையில் அடங்கும் சிறு கைத்துப்பாக்கி ஒன்று, வெடிமருந்துக் குடுவை, குண்டு வார்க்கும் அச்சு, கைப்பிடியளவு ஈயக் குண்டுகள் ஆகியவையே அதிலிருந்த பொருட்கள். கண்ணாடியைத் திறந்த முதல் நாளிலேயே பேழை எந்த நிலையில் இருக்கிறது என்பது விளங்கிவிட்டது. ஈயக் குண்டுகளின் மேல் வெண்மாவு தூவியதுபோல் பொடி படிந்திருந்தது. தோலுறை தொட்ட இடங்களிலெல்லாம் ரிவால்வரின் பித்தளையில் பச்சைக் களிம்பு மெழுகுபோல் ஒட்டியிருந்தது. ராணுவத் துப்பாக்கியைத் தாங்கிய கம்பிகள் அழுந்திய இரண்டு இடங்களில் செந்துரு வளையமாகப் படர்ந்திருந்தது. பேழைக்குள்ளேயே பொருத்தப்பட்டிருந்த ஹாலோஜன் விளக்கு பகலெல்லாம் பொருட்களைச் சூடாக்கிக்கொண்டிருந்தது.

அன்று எதையும் தொடவில்லை. ஒவ்வொரு பொருளையும் இருந்த இடத்திலேயே, அளவுகோல் ஒன்றைப் பக்கத்தில் வைத்து, நான்கு பக்கமும் படமெடுத்தேன். பேழைக்குள் ஒரு சிறிய ஈரப்பதமானியை வைத்துவிட்டு இரண்டு வாரம் கழித்துப் பார்த்தபோது, ஈரப்பதம் ஒரே நாளுக்குள் 35 சதவீதத்துக்கும் 60 சதவீதத்துக்கும் இடையே ஏறி இறங்கியது தெரிந்தது. விளக்கு எரியும்போது காற்று காய்கிறது, அணைந்த இரவில் ஈரம் திரும்புகிறது. இந்த ஏற்ற இறக்கத்தில் மரம் விரிந்து சுருங்குகிறது, இரும்பு வியர்க்கிறது. துருவை எவ்வளவு துடைத்தாலும், இந்தக் காரணத்தை நீக்காவிட்டால் அடுத்த ஆண்டே அது மீண்டும் வந்து நிற்கும்.

வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் பழைய துப்பாக்கி எதுவாயினும், அதற்குள் மருந்தும் குண்டும் இருப்பதாகவே கருதித் தொட வேண்டும். இதை நான் கண்டிப்பாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கரிமருந்து என்பது வெடியுப்பு, கந்தகம், மரக்கரி ஆகிய மூன்றின் கலவை. ஈரம் படாமல் குழலின் அடியில் அடைபட்டுக் கிடந்தால் நூறாண்டு கடந்தும் அதன் வேகம் குறைவதில்லை. சோதிக்கும் முறை எளியது. கைவிரல் பருமனுள்ள மரக்குச்சியைக் குழலுக்குள் அடிவரை மெதுவாக இறக்கி, வாயருகே குச்சியில் ஓர் அடையாளம் இட வேண்டும். பிறகு அதே குச்சியைக் குழலின் வெளிப்புறத்தோடு ஒட்டி வைத்துப் பார்த்தால், அதன் முனை, மருந்துக்குத் தீ மூட்டும் சிறு கேப்பு பொருந்தும் நிப்பிள் இருக்கும் இடம் வரை வர வேண்டும். எங்கள் ராணுவத் துப்பாக்கியில் அது நிப்பிளுக்கு மூன்று அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான தூரம் முன்னதாகவே நின்றுவிட்டது. பல்லாண்டுகளாகப் பள்ளிப் பிள்ளைகள் மூக்கை ஒட்டி நின்று பார்த்த கண்ணாடிக்குப் பின்னால், கெட்டித்த துப்பாக்கி ஒன்று கிடந்திருக்கிறது.

அதை நானே வெளியே எடுக்க முயலவில்லை. குழலின் வாயை ஆளில்லாத செங்கல் சுவரை நோக்கி வைத்துவிட்டு, அறையைப் பூட்டி, கரிமருந்துத் துப்பாக்கிகளில் நீண்ட பழக்கமுள்ள உரிமம் பெற்ற கைவினைஞர் ஒருவரை வரவழைத்தோம். அவர் எங்களுக்கு இரண்டு வழிகளைச் சொன்னார். கோலின் முனையில் திருகுச்சுருள் ஒன்றைப் பொருத்தி அடைப்பைக் கொத்தி இழுப்பது பழைய வழி. பல ஆண்டுகள் இறுகிப்போன அடைப்பு அதற்கு எளிதில் இசைவதில்லை, உலோகத்தோடு உலோகம் உரசும் அச்சமும் உண்டு. மற்றது, துப்பாக்கியின் நிப்பிளைக் கழற்றிவிட்டு, அதே புரியுள்ள கிரீஸ் நிப்பிளை அந்த ஓட்டையில் முடுக்கி, வண்டிப் பட்டறையில் பயன்படும் கிரீஸ் கன் கொண்டு கிரீஸை அழுத்துவது. கிரீஸ் மருந்தை நனைத்துச் செயலிழக்கச் செய்கிறது. பின்னாலிருந்து தள்ளும் அழுத்தத்தில் அடைப்பு முழுவதும் அங்குலம் அங்குலமாக வாயை நோக்கி நகர்கிறது. நிப்பிள் துருவில் இறுகியிருந்ததால் அதைக் கழற்றவே இரண்டு நாள் ஊடுருவும் எண்ணெயில் ஊறவிட வேண்டியிருந்தது. இப்படிப்பட்ட இடத்தில் சூடு காட்டி இளக்கலாம் என்ற எண்ணமே எழக் கூடாது.

நாங்கள் இரண்டாவது வழியைத் தேர்ந்தோம். ஏறத்தாழ அரை மணி நேரத்தில், முதலில் கசங்கிய காகித உருண்டை ஒன்றும், அதன் பின் மெழுகிய ஈய ரவைகளும், மீண்டும் காகிதமும், கடைசியில் கறுத்த களியாக மருந்தும் வெளியே வந்தன. ராணுவத்தில் இந்த வகைத் துப்பாக்கிக்கு ஒற்றைக் குண்டையோ, குண்டோடு மூன்று பெருரவைகளையோ கெட்டிப்பது வழக்கம். இதில் இருந்தவை அனைத்தும் பறவைக்கும் முயலுக்கும் ஏற்ற சிறு ரவைகள். படைவீரனுக்காகச் செய்யப்பட்ட துப்பாக்கி, கடைசியாக ஒருவரது சமையலறைக்காகக் கெட்டிக்கப்பட்டிருக்கிறது என்று அறிந்தபோது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது.

ஆனால் அந்தக் காகிதம் அச்சிட்ட தாள். செய்தித்தாளாகவோ விலைப்பட்டியலாகவோ இருந்திருக்கலாம். கிரீஸ் அதற்குள் முழுவதும் ஊறிவிட்டதால், வரிகளின் நிழல் தெரிந்ததேயன்றி ஒரு சொல்லையும் படிக்க முடியவில்லை. ஒரு தேதி படித்திருந்தால்கூட, துப்பாக்கி கடைசியாகக் கெட்டிக்கப்பட்ட காலம் தெரிந்திருக்கும். உயிருக்கு ஆபத்தில்லாத வழியைத் தேர்ந்தது சரி என்பதில் எனக்கு ஐயமில்லை; இன்னொரு முறை நேர்ந்தாலும் அதையே செய்வேன். ஆயினும் அந்தத் தாளைக் கையில் ஏந்தி நின்ற சில நிமிடங்கள் இந்த நான்கு மாத வேலையில் எனக்கு மிகவும் வருத்தம் தந்தவை.

இனித் துப்புரவு வேலைக்கு வருகிறேன். எங்கள் நீண்ட குழல் துப்பாக்கி அமெரிக்க ராணுவத்தின் 1842-ஆம் ஆண்டு வகை: 0.69 அங்குலத் துளை, வரியில்லாத வழவழப்பான குழல். ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி, ஸ்பிரிங்ஃபீல்ட் ஆகிய இரண்டு அரசு ஆயுதசாலைகளிலும், எந்தத் துப்பாக்கியின் உறுப்பும் எதற்கும் பொருந்துமாறு செய்யப்பட்ட முதல் அமெரிக்க ராணுவத் துப்பாக்கி வகை இதுவே. 1849-ல் அமெரிக்க காங்கிரஸ், மேற்கே கலிபோர்னியாவுக்கும் ஆரிகனுக்கும் குடியேறச் செல்வோருக்குப் படைக்கலங்களை அடக்க விலைக்கே விற்க அனுமதித்தது. படைத் துப்பாக்கிகள் சுரங்க ஊர்களை வந்தடைந்த வழிகளுள் அதுவும் ஒன்று. ஆயுதசாலையிலிருந்து வெளியேறும்போது இவ்வகைத் துப்பாக்கியின் இரும்பு கண்ணாடிபோல் பளபளக்கும். எனவே அந்தப் பளபளப்பை மீட்பதுதான் சீரமைப்பு என்று குழுவில் ஒருவர் வாதிட்டார். அவர் வாதத்தில் ஒரு நியாயம் உண்டு. எனினும் துரு தின்ற குழிகளின் அடிவரை இரும்பைத் தேய்த்தால்தான் பளபளப்பு வரும்; தேய்க்கும்போது குழலின் மேலுள்ள வி, பி என்ற எழுத்துகளும் கழுகின் தலையும் சேர்ந்த சோதனை முத்திரையும் தேய்ந்து போகும். பளபளப்பை எப்போது வேண்டுமானாலும் உண்டாக்கலாம், முத்திரையைத் திரும்பப் பெற முடியாது என்று நான் சொன்னதைக் கடைசியில் அவரும் ஏற்றுக்கொண்டார்.

துருவில் இரண்டு வகை உண்டு. விரலால் தொட்டால் செம்பொடியாக ஒட்டுவது உயிருள்ள துரு. அது இரும்பை இன்னும் தின்றுகொண்டிருக்கிறது. கரும்பழுப்பாக இறுகி, தேய்த்தாலும் வராதது அடங்கிய துரு. அது இரும்புக்குப் போர்வைபோல் அமைந்துவிடுவதால் அதை விட்டுவிடலாம். முதல் வகையை மட்டுமே எடுத்தேன். முதலில் பழைய எண்ணெய்ப் பிசினைக் கனிமக் கரைப்பானில் நனைத்த பஞ்சால் துடைத்தேன். துருவின் மேல் மெல்லிய இயந்திர எண்ணெயை ஒரு நாள் ஊறவிட்டு, மூங்கில் சீவலாலும், பித்தளைத் தகட்டின் விளிம்பாலும் சுரண்டினேன். விடாப்பிடியான இடங்களில் மட்டும், மிக நுண்ணிய தரமான ஸ்டீல் வூலை எண்ணெயோடு, விரல் நுனியளவு எடுத்துப் பயன்படுத்தினேன். முதல் சோதனையைத் துப்பாக்கியின் மரக் கட்டைக்குள் மறைந்திருக்கும் குழலின் அடிப்பகுதியில் செய்து பார்த்த பிறகே வெளிப்பக்கத்தைத் தொட்டேன். கடைகளில் விற்கும் துரு நீக்கிகளை நெருங்கவே இல்லை. அவற்றிலுள்ள அமிலம் துருவையும் பழைய மேற்பூச்சையும் வேறுபாடு பார்க்காமல் கரைத்துவிடும். கடைசியாக எண்ணெயை முழுவதும் நீக்கி, பிரிட்டிஷ் அருங்காட்சியக ஆய்வுக்கூடத்தில் உருவான நுண்படிக மெழுகை மெல்லிய படலமாகப் பூசி, மென்துணியால் துடைத்தேன். எண்ணெய் தூசியை ஈர்த்துப் பிசினாகும். மெழுகு அப்படி ஆவதில்லை.

வால்நட் மரக் கட்டைக்கு ஆளி விதை எண்ணெய் தேய்க்க வேண்டும் என்று கேட்டவர்கள் பலர். துப்பாக்கியை நாள்தோறும் வேட்டைக்குக் கொண்டுசெல்பவருக்கு அது பொருந்தலாம். காட்சிப் பொருளில் அது ஆண்டுக்கு ஆண்டு கறுத்து, அழுக்கோடு சேர்ந்து இறுகி, பின்னர் எதனாலும் எடுக்க முடியாத தோலாகிவிடும். உப்பு நீக்கிய நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சால் துடைத்து, உடனே உலர்த்தி, அதே மெழுகைப் பூசியதோடு நிறுத்திக்கொண்டேன். கட்டையின் இடப்பக்கத்தில் யாரோ கத்தியால் செதுக்கிய இரண்டு எழுத்துகள் இருக்கின்றன. அவற்றின் பள்ளத்தில் படிந்த கருமையை அப்படியே விட்டுவிட்டேன்.

ரிவால்வரின் கதை வேறு. பேழையிலிருந்த பழைய விளக்க அட்டை, அது வாக்கீன் முரியேட்டா என்ற புகழ்பெற்ற கொள்ளையனிடமிருந்து கைப்பற்றப்பட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தது. ஹாரி லவ் என்பவரின் தலைமையில் கலிபோர்னியா அரசு அமைத்த ரேஞ்சர் படை 1853 ஜூலையில் ஒருவரைச் சுட்டுக் கொன்று, அவரே முரியேட்டா என்று அறிவித்து, தலையைச் சாராயக் குடுவையிலிட்டு ஊர் ஊராகக் காட்டியது வரலாறு. அதன் பின் இந்த மலையடிவாரத்தில் பழைய துப்பாக்கி வைத்திருந்த குடும்பங்களில் பல அவர் பெயரைத் தம் துப்பாக்கியோடு சேர்த்துச் சொல்லிவந்தன.

இந்த ரிவால்வரின் பித்தளைப் பாகங்கள் தங்கம்போல் மின்னின. பார்வையாளர்களுக்கு மிகவும் பிடித்த பொருள் அதுதான். எனக்கோ அந்த மினுக்கமே கவலை தந்தது. கோல்ட் நிறுவனம் இந்த வகையின் கைப்பிடிச் சட்டத்தையும் விசைக்காப்பு வளையத்தையும் பித்தளையில் செய்து, அதன் மேல் வெள்ளிப் பூச்சுப் பூசியே விற்றது. பல ஆண்டுகளுக்கு முன், நல்லெண்ணத்தோடு யாரோ பித்தளை மினுக்கியால் மீண்டும் மீண்டும் தேய்த்து அந்த வெள்ளி முழுவதையும் அழித்திருக்கிறார்கள். உருப்பெருக்கிக் கண்ணாடி வழியாகப் பார்த்தபோது, விசைக்காப்பு வளையம் சட்டத்தோடு சேரும் உள்மூலையில் மட்டும், நகக்கண் அளவுக்கு, கறுத்துப்போன வெள்ளி மிஞ்சியிருந்தது. துணி எட்டாத இடம் அது. அதைச் சுற்றி எந்தக் கருவியும் படாதபடி வேலை செய்ய வேண்டியிருந்தது.

தோலைப் பதப்படுத்திய கொழுப்பிலுள்ள அமிலம் பித்தளையின் செம்போடு சேர்ந்து உண்டாக்கும் பச்சைக் களிம்பு மெழுகுபோல் இருப்பதால், மூங்கில் குச்சிக்கே எளிதில் இசைந்தது. அதைவிடக் கடினமாக இருந்தவை, இடுக்குகளில் காய்ந்து இறுகிய மினுக்கியின் வெண்கட்டிகள். அவற்றைக் கரைப்பானில் ஊறவைத்து ஊசி முனையளவு ஊசி முனையளவாகப் பெயர்த்தபோது, விசைக்காப்பின் முன்பக்கத்தில், சுண்ணாம்பு பூசி மறைத்ததுபோல் இருந்த இடத்திலிருந்து எண்கள் தெரியத் தொடங்கின. கோல்ட் தன் தொடர் எண்ணைச் சட்டம், குழல், விசைக்காப்பு, சுழலும் உருளை, குழலை இறுக்கும் ஆப்பு என ஒவ்வோர் உறுப்பிலும் தனித்தனியே பதிக்கும் வழக்கமுடையது. ஆப்பைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் ஒரே எண் இருந்தது. ஆப்பு மட்டும் வேறொரு ரிவால்வரிலிருந்து வந்திருக்கிறது. அந்த எண் ஒன்றரை லட்சத்தைத் தாண்டியிருந்தது. இவ்வகை ரிவால்வர்கள் 1850 முதல் 1873 வரை 3 லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டன. இந்த எண் உள்ளது 1850-களின் இறுதிக்கு முன் தொழிற்சாலையை விட்டு வந்திருக்க வழியில்லை. குழலின் மேலிருந்த, கோல்ட் தொழிற்சாலை இருந்த ஹார்ட்ஃபோர்ட் நகரின் முகவரியும் அதற்கு ஒத்தே இருந்தது. கொல்லப்பட்டுச் சில ஆண்டுகள் கழிந்த பின் செய்யப்பட்ட ரிவால்வரை முரியேட்டா வைத்திருக்க முடியாது.

இன்னும் சில முறை மினுக்கியிருந்தால் அந்த எண்ணும் தேய்ந்துபோயிருக்கும். அட்டையில் எழுதிய கதையே நிலைத்திருக்கும். உருளையைச் சுற்றி, வாட்டர்மேன் ஆர்ம்ஸ்பி என்ற பணத்தாள் செதுக்குநர் வடித்த, பயணக் குதிரைவண்டியை வழிமறிக்கும் காட்சி உருட்டிப் பதிக்கப்பட்டிருக்கும். எங்களுடையதில் பக்கவாட்டில் ஒளி வீசினால் ஒரு சக்கரமும் இரண்டு குதிரைக் கால்களும் மட்டுமே தெரிகின்றன. அந்தச் சக்கரத்தின் மேலிருந்த ஒரு துருப்புள்ளி அடங்கியதுதான் என்று உறுதி செய்துகொண்டு, அதைத் தொடாமல் மெழுகு பூசினேன். திருகாணிகளில் ஒன்றைக்கூடக் கழற்றவில்லை. அவற்றின் தலைப்பிளவுகள் அந்தக் காலத்துக் கைவேலை, இன்றைய திருப்புளி எதுவும் அவற்றில் சரியாகப் பொருந்துவதில்லை. ஆப்பை மட்டும் மரச் சுத்தியால் தட்டி எடுத்து, ஐந்து அறைகளும் வெறுமையாக இருப்பதைப் பார்த்து உறுதி செய்தேன்.

சிறு கைத்துப்பாக்கியில் வேலை குறைவு. அதன் அட்டையைத் திருத்தியதே பெரிய வேலை. பிலடெல்பியாவைச் சேர்ந்த ஹென்றி டெரிஞ்சரின் கைத்துப்பாக்கிகள் கலிபோர்னியாவில் அவ்வளவு விற்றதால் போலிகள் பெருகின. சான் ஃபிரான்சிஸ்கோ வணிகர் ஒருவர் மேல் அவர் தொடுத்த வழக்கு, கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் வரை சென்ற பழைய வணிகமுத்திரை வழக்குகளுள் ஒன்று. எங்களிடமுள்ளதில் அவர் முத்திரை இல்லை. ஆகவே அட்டையில் ‘டெரிஞ்சர் பாணிக் கைத்துப்பாக்கி’ என்று மட்டும் எழுதினோம்.

பேழையைப் பொறுத்தவரை, ஈயத்தின் மேலிருந்த வெண்பொடிக்குக் காரணம் அந்த ஓக் மரமே. ஓக் வெளியிடும் அசிட்டிக் அமில ஆவி, மூடிய இடத்தில் ஈயத்தை மெல்ல மெல்ல வெண்பொடியாக்கிவிடும். பேழையே பழமையானது என்பதால் அதை மாற்றாமல், உட்புறம் முழுவதும் அலுமினியம் சேர்ந்த தடுப்புத் தாளை ஒட்டி, அதன் மேல் சாயமிடாத பருத்தித் துணியை விரித்தோம். வெள்ளியைக் கறுக்கச் செய்யும் பழைய கம்பளி விரிப்பு வெளியேறியது. ஈயக் குண்டுகளையும் அச்சையும் தனியே ஒரு சிறு அக்ரிலிக் பெட்டிக்குள் வைத்தோம். அந்தப் பொடி நஞ்சு என்பதால் கையுறையும் முகக்கவசமும் அணிந்தே அந்த வேலையைச் செய்தேன். துப்பாக்கியைக் கம்பியில் தொங்கவிடுவதை விட்டு, பாலித்தீன் குழாய் உறையிட்ட பித்தளைத் தாங்கிகளை இரண்டு இடங்களில் கொடுத்தோம். ரிவால்வரும் தோலுறையும் இனி ஒன்றையொன்று தொடாமல் பக்கம் பக்கமாக இருக்கும். ஹாலோஜன் விளக்கு போய், பேழைக்கு வெளியே எல்.இ.டி. வந்தது. அடித்தட்டுக்குக் கீழே சிலிக்கா ஜெல் தட்டு ஒன்றும் இருக்கிறது. மார்ச் மாத இறுதியில் ஈரப்பதமானி தொடர்ந்து 43 முதல் 47 சதவீதத்துக்குள்ளேயே நின்றது.

முரியேட்டாவின் பெயர் போனதில் ஊரில் சிலருக்கு வருத்தம் இருந்தது. புதிய அட்டையில், இந்த ரிவால்வர் 1850-களின் இறுதியில் ஹார்ட்ஃபோர்டில் செய்யப்பட்டது, அதன் ஆப்பு வேறொன்றினுடையது, அதன் கைப்பிடிச் சட்டம் ஒருகாலத்தில் வெள்ளிப் பூச்சோடு இருந்தது என்று எழுதி, மிஞ்சிய வெள்ளி இருக்கும் மூலையைக் காட்டும் பெரிய படம் ஒன்றையும் சேர்த்தோம். ராணுவத் துப்பாக்கியின் கீழே, சிறு கண்ணாடித் தட்டில் அந்த ரவைகளும், படிக்க முடியாத அந்தக் காகிதமும் இருக்கின்றன.